தண்ணீர் பட்டது தெரியவில்லை

புத்தளம் தில்லையடியில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் இப்போது என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். என்னவோ நான் டொக்டர் என்ற மாதிரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதுகைத் திருப்பி, "இந்த இடத்துலதான் மச்சான்" என்று தொட்டுக் காட்டுகிறார்கள். எண்ணெய் பூசலாமா, பெல்ட் கட்டலாமா, ஒப்பரேஷன் செய்தால் கால் விளங்காமல் போகுமாமே என்று கேட்கிறார்கள். நான் எழும்பி வாசல் வரை நடந்து காட்டினால் திருப்தியாகப் போய்விடுகிறார்கள். கேட்கவேண்டிய ஒரு கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. வெட்கம். எனக்கும் அதே வெட்கம் இருந்தது. அது என்னை எங்கே கொண்டுபோய் விடப் பார்த்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றிய தொண்ணூறில் மன்னாரிலிருந்து உம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து புத்தளத்துக்கு வந்தவன் நான். மீசை அரும்பிய நாளிலிருந்து பாலாவியில் லொறிக்கு மூடை ஏற்றுவதுதான் என் தொழில். உப்பு, சீமெந்து, சில நாட்களில் கொப்பரா. இந்தத் தொழிலில் தனியாள் என்று ஒருவன் கிடையாது. சோடி சோடியாகத்தான் வேலை. மூடையின் இரண்டு காதையும் இரண்டு பேர் பிடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒரு ஆட்டு ஆட்டி லொறித் தட்டில் ஏற்ற வேண்டும். இரண்டு பேருடைய மூச்சும் ஒன்றாகப் போகாவிட்டால் மூடை காலில் விழும். சோடியில் ஒருவன் வராத நாளில் மற்றவனுக்கும் வேலை இல்லை. சோடியில்லாதவனை லொறிக்காரர்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள்.

என் சோடி ஜாபிர். வலது பக்கம் நான், இடது பக்கம் அவன். கலியாணம் முடித்து இத்தனை வருஷத்தில் மனைவியோடு இருந்த நேரத்தைவிட அவனோடு நின்ற நேரம்தான் கூடுதல். எந்த மூடை என்றாலும் நான் இடப்பக்கம் திரும்பித்தான் தூக்குவேன், எந்த மூடை என்றாலும் அவன் வலப்பக்கம் திரும்பித்தான் தூக்குவான். ஒரே பக்கம் முறுக்கி முறுக்கி இடுப்பு என்ன ஆகும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. யோசிக்கிறதென்றால் மூடை ஏற்ற வந்திருக்கமாட்டோம்.

முதலில் காலையில் எழும்பும்போது மட்டும் பிடித்தது. கொஞ்சம் நடந்தால் விட்டுவிடும். பிறகு பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை கரன்ட் அடித்தது போல ஒரு இழுவை. தும்மினால் இழுக்கும், இருமினால் இழுக்கும். பள்ளிவாசலில் நெற்றியைத் தரையில் வைக்க சுஜூதுக்குப் போனால் திரும்ப எழும்ப முடியவில்லை. வேறு வழியில்லாமல் கடைசி சஃப் வரிசையில் கதிரை போட்டுத் தொழுகிற வயசாளிகளோடு போய்ச் சேர்ந்தேன். அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

"வாங்க மாப்பிள, இடம் இரிக்கு," என்று பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினார் எழுபது தாண்டிய ஒருவர். "பெரிய ஆக்களோட வந்து இரிங்க."

மனைவி ரிபாயா என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு டவுனில் ஒரு டொக்டரிடம் போனாள். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பில் முறிவு இல்லை என்றார். நரம்பு நசுங்குகிறது, பாரம் தூக்காமல் ஓய்வெடுங்கள் என்றார். போகும்போது ஒன்று கேட்டார்.

"சலம் போறதுல, மலம் போறதுல மாற்றம் ஒண்டும் இல்லயே? அந்த இடம் விறைக்கிறது, மரத்துப் போறது? அப்பிடி ஏதும் வந்தா ஒரு நாளும் சுணங்கப்படாது. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ரிபாயா பக்கத்தில் இருந்தாள். மருந்து எடுத்துக் கொடுக்கிற பிள்ளை எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிறவள், வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "சீ, அப்பிடியொண்டும் இல்ல டொக்டர்," என்றேன். அன்றைக்கு அது உண்மையும்தான். ஆனால் அவர் சொன்ன மற்றதெல்லாம் ஞாபகம் இருக்க, அதை மட்டும் நான் வாசல்படியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஓய்வு எடுத்தேனா? நான் ஓய்வெடுத்தால் ஜாபிரும் ஓய்வு. காலையில் வந்து படலைக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நிற்பான். "எப்பிடி?" என்பான். "சரியில்ல" என்றால் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போவான். அந்தத் தலையாட்டலை மூன்று நாளைக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. சிலாபம் பக்கம் ஒரு வெதமாத்தயாவிடம், சிங்கள நாட்டு வைத்தியரிடம், போய் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு, இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மழை பெய்து விட்ட ஒரு நாள். நனைந்த உப்பு மூடை, பாரம் சொல்லத் தேவையில்லை. ஆட்டித் தூக்கிய நேரம் இடுப்புக்குள் ஏதோ நழுவியது. சத்தம் கேட்கவில்லை, ஆனால் நழுவியது எனக்குத் தெரிந்தது. இரண்டு காலிலும் நெருப்பு ஓடியது. ஜாபிர்தான் மூடையைத் தன் பக்கம் இழுத்து என் மேல் விழாமல் காப்பாற்றினான். என்னைச் சீமெந்து லொறி ஒன்றில் படுக்கவைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

அடுத்த நாள் காலை வலி பாதியாகக் குறைந்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்தது. காலில் இழுவை அநேகமாக இல்லை. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பெருநாள் மாதிரி. ரிபாயா நேர்ச்சை வைத்திருந்தாளாம், கஞ்சி காய்ச்சி அயல் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள். "வெதமாத்தயாட எண்ண வேல செஞ்சிட்டு," என்று நானும் எல்லோரிடமும் சொன்னேன். வலி குறைந்தால் சுகம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நரம்பு செத்துக்கொண்டு வந்தாலும் வலி குறையும் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்!

அன்று பகல் கக்கூசுக்குப் போய்விட்டுக் கழுவும்போதுதான் கவனித்தேன். கையில் தண்ணீர் குளிர்ந்தது. அந்த இடத்தில் குளிரவில்லை. இன்னொரு முறை ஊற்றினேன். வேறு யாரோ ஒருவருக்குக் கழுவிவிடுவது போல இருந்தது. எனக்கு வந்த முதல் யோசனை என்ன தெரியுமா? சுத்தமாகிவிட்டதா, இல்லையா என்பதுதான். தண்ணீர் படுவது தெரியாவிட்டால் சுத்தம் எப்படித் தெரியும்? சுத்தமில்லாமல் தொழுகைக்கு முந்திக் கை கால் முகம் கழுவுகிற ஒளு இல்லை, ஒளு இல்லாமல் தொழுகை இல்லை. பயந்தேன், ஆனால் பயப்பட வேண்டியதற்குப் பயப்படவில்லை. வாளித் தண்ணீர் முழுவதையும் ஊற்றி முடித்தேன்.

மறுநாள் சாரனில் ஈரம். போகவேண்டும் என்ற உணர்வே இல்லை, போய் இருந்தால் வருவதும் இல்லை, ஆனால் தானாகச் சொட்டுகிறது. பழைய துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டேன். துணியை ரிபாயாவுக்குத் தெரியாமல் நானே கழுவிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் காயப்போட்டேன். பிறந்ததிலிருந்து உடுப்புக் கழுவாத மனிதன் திடீரென்று வாளியும் சவர்க்காரமுமாக நின்றால் எந்தப் பெண்ணுக்கும் சந்தேகம் வரும். "என்ன புதுசா?" என்றாள். "ஒனக்கு ஒதவிதானே," என்றேன்.

பள்ளிக்குப் போகவில்லை. துணி கட்டிய உடம்போடு பள்ளிக்குள் கால் வைக்கலாமா என்று தெரியவில்லை. அதைக் கேட்பதற்காகவே அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் போகும்வரை வெளியே நின்று மௌலவியைப் பிடித்தேன். எங்கள் மௌலவி சின்னப் பெடியன் மாதிரித்தான் இருப்பார். என்னைவிடப் பத்து வயது குறைவு. அவரிடம் கேட்பதே ஒரு மாதிரியாக இருந்தது. அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினேன்.

"மௌலவி, என்ட கூட்டாளி ஒருவர்... அவருக்கு சிறுநீர் சொட்டுதாம். ஒளு நிக்குதில்லயாம். என்ன செய்ற எண்டு கேக்கச் சொன்னார்."

அவர் கொஞ்சமும் சிரிக்கவில்லை. எப்போதும்போல என்னை நானா, அதாவது அண்ணன் என்றே கூப்பிட்டார். "அதுக்குச் சட்டம் இரிக்கு நானா. தொடர் தொடக்குக்காரர் எண்டு சொல்ற. தொழுகைக்கு நேரம் வந்த பொறகு சுத்தம் செஞ்சி, துணி கட்டி, ஒளு எடுத்து, சுணங்காமத் தொழுதா கூடும். ஒவ்வொரு பர்ளுத் தொழுகைக்கும் புதுசா எடுக்கணும். மார்க்கத்துல கஷ்டமில்ல."

எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. மற்றப் பாதியையும் இறக்கிவிடலாம் என்று, "இன்னொண்டு," என்றேன். "கழுவக்குள்ள தண்ணி படுறது தெரியுதில்லயாம். எத்தின தரம் ஊத்தினா சுத்தம்?"

"தெரியுதில்ல எண்டா?"

"தெரியுதில்ல. மரத்துப் போச்சி."

மௌலவி என் இடுப்பில் இருந்த பெல்ட்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "எப்பருந்து?"

"ரெண்டு நாளா... எண்டு சொன்னார்."

"நானா, இது என்னட்டக் கேக்கிற கேள்வி இல்ல. ஆஸ்பத்திரியில கேக்கிற கேள்வி." ரோட்டுக்கு ஓடிப்போய்க் கையை நீட்டி ஒரு த்ரீவீலை மறித்தார். "ஏறுங்க."

"எனக்கில்ல மௌலவி, கூட்டாளிக்கு..."

"கூட்டாளியும் ஏறட்டும்," என்றார்.

வழியில் வீட்டடியில் நிறுத்தி ரிபாயாவையும் ஏற்றிக்கொண்டோம். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்த கோலத்திலேயே ஏறினாள். பிள்ளைகளைத் தன் தங்கச்சியிடம் விடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்குக் கத்தினாள். என்ன ஏது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மௌலவி சாரதிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தது ஒரு சிங்களப் பெண் டொக்டர். வயது மௌலவி அளவுதான் இருக்கும். என்ன பிரச்சினை என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் நான் படித்தது லொறிக்காரர்களிடம். இந்த விஷயத்துக்கு அவர்கள் சொல்லித் தந்த சொற்கள் ஒரு பெண்பிள்ளை முன்னால் வாயைத் திறந்து சொல்கிற சொற்கள் இல்லை. நான் முழித்தேன். இடுப்பு வலி என்று மட்டும் சொன்னேன். அவர் எழுதப் போனார். இடுப்பு வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிடப் போகிறார் என்று மௌலவிக்கு விளங்கிவிட்டது. தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், தன் கையைக் கிள்ளிக் காட்டி, பிறகு வெட்கத்தோடு கீழே காட்டி, "தெனென்னே நே, டொக்டர், தெனென்னே நே," என்றார். தெரிகிறதில்லை, தெரிகிறதில்லை என்று. டொக்டரின் பேனை நின்றது.

அதன்பிறகு எல்லாம் அவசரம் அவசரமாக நடந்தது. திரையை இழுத்துவிட்டார்கள். ஊசி நுனியால் தொடையின் உட்பக்கம், பிட்டம், குதிரையில் ஏறினால் சேணம் படுகிற இடமெல்லாம் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஓரிடமும் எனக்குத் தெரியவில்லை. கையுறை போட்டு விரலால் பின்புறம் சோதித்தார், இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நான் இறுக்கினேன் என்றுதான் நினைத்தேன். இல்லை என்று அவர் முகம் சொன்னது. வெட்கம் எல்லாம் அந்தத் திரைக்குள் என்னைவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது பயம். சிறுநீர்க் குழாய் போட்டார்கள். போட்டதும் பை நிரம்பியது, ஊற்றிவிட்டு வந்தார்கள், திரும்பவும் நிரம்பியது. நான் அடக்க முடியாமல் சொட்டுகிறது என்று நினைத்திருந்தேன். உண்மையில் உள்ளே நிறைந்து வழிந்திருக்கிறது. நிறைந்தது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். முதுகெலும்பில் எலும்புக்கு எலும்பு நடுவில் மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கிறது, டிஸ்க் என்பார்கள். வெளித்தோல் கெட்டி, உள்ளே பசை. பாரம் தூக்கித் தூக்கித் தோல் கிழிந்தால் பசை பிதுங்கும். ஒரு பக்கம் பிதுங்கினால் ஒரு காலில் இழுக்கும். எனக்கு நட்ட நடுவில் பிதுங்கியிருந்தது. இடுப்புக்குக் கீழே நரம்புகள் ஒரு கட்டாகத் தொங்குகின்றன, அதற்குக் குதிரை வால் என்றே பெயர். கால், சிறுநீர், மலம், புருஷன் பெண்சாதி உறவு எல்லாவற்றுக்குமான நரம்பு அந்த வாலுக்குள்தான். அந்த வாலைத்தான் என் டிஸ்க் நசுக்கிக்கொண்டிருந்தது. சீக்கிரம் எடுத்துவிட்டால் வால் பிழைக்கும், சுணங்கினால் திரும்பி வராது. ஏற்கெனவே எவ்வளவு சுணங்கிவிட்டது என்று டொக்டர் கேட்டார். ரிபாயா என்னைத்தான் பார்த்தாள்.

அம்புலன்சில் குருநாகல் பெரிய ஆஸ்பத்திரிக்கு. மௌலவி ஸலாம் சொல்லி விடைபெற்றுக்கொண்டார். வாகனத்துக்குள் நானும் ரிபாயாவும் ஒரு தாதியும். ஒவ்வொரு குழியிலும் ரிபாயா தன் கையை என் முதுகுக்குக் கீழே வைத்தாள். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வெகுதூரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"கோழிக்கூட்டுக்குப் பொறத்தால காஞ்ச துணி இதுக்கா?"

"ஓம்."

"மௌலவிட்டச் சொல்லிரிக்கீங்க. என்னட்டச் சொல்ல வெட்கமா? மூணு புள்ள பெத்துத் தந்திரிக்கன் ஒங்களுக்கு. எந்த வெட்கத்த எனக்கு மிச்சம் வெச்சீங்க?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, திரும்பவும் கையை என் முதுகுக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

அங்கே எம்.ஆர்.ஐ. ஸ்கேன். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும், இதில் நரம்பும் தசையும் தெரியும். பெரிய காந்தம், ஆதலால் உடம்பில் இரும்பு தகரம் இருக்கக்கூடாது. பெல்ட்டைக் கழற்றினால் அதற்குக் கீழே ரிபாயா கட்டிவிட்ட தாயத்து. மார்க்கத்தில் கூடாது என்பார் என்று இதை மௌலவிக்குத் தெரியாமல்தான் வைத்திருந்தேன். ஒரு குழாய்க்குள் தள்ளினார்கள். பாறை உடைக்கிற மாதிரிச் சத்தம். கால் போனால் என்ன செய்வேன், அது போனால் என்ன செய்வேன் என்று அதற்குள் படுத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறி நினைத்தேன். கால் போனவனுக்காவது ஆட்கள் பரிதாபப்படுவார்கள். மற்றதைப் போய் யாரிடம் சொல்வது?

சத்திரசிகிச்சை நிபுணர் யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினார். வெள்ளையாக ஓடுகிற ஒரு கோடு ஓரிடத்தில் கறுத்து அறுந்து கிடந்தது.

"விடியவே செய்யிறம். கால் வரும். மற்றது எப்ப வரும், வருமோ எண்டு இப்ப சொல்லேலாது."

ரிபாயா கேட்டாள், "செய்யாட்டி?"

"செய்யாட்டி கட்டாயம் வராது, அம்மா."

நான் கையொப்பம் வைத்தேன். எழுதிய என் பெயரே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

மயக்கம் தெளிந்தபோது முதலில் தெரிந்தது வலி இல்லாதது. சந்தோஷப்படப் பயமாக இருந்தது. வலி இல்லாததை நம்பி ஒருமுறை ஏமாந்தவன் அல்லவா. டொக்டர் வந்து பாதத்தை அழுத்தச் சொன்னார், அழுத்தினேன். பெருவிரலை ஆட்டச் சொன்னார், இடது பக்கம் ஆடியது, வலது பக்கம் யோசித்துவிட்டு ஆடியது. "நல்லம்," என்றார். மூன்றாம் நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்தார்கள். நின்றேன். ஊசியால் குத்தினால் சில இடங்களில் தெரிந்தது, சில இடங்களில் இல்லை. கட்டிலோரத்தில் சிறுநீர்ப் பை மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் சுமதிபால என்று ஒருவர். ஆனமடுவைக்காரர், தென்னை மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவர். ஊன்றுகோலோடு வார்ட் முழுக்கச் சுற்றுவார். என்னை "மல்லி" என்பார். தம்பி என்று அர்த்தம். அவர் மனைவி கொண்டுவருகிற பார்சலில் ரிபாயாவுக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். அவள் இரவில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தெரிந்த ஒரு வீட்டில் தங்கிவிட்டு, காலையில் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவாள். ஊரில் போட்டிருந்த ஒரு சோடிக் காப்பு அவள் கையில் இல்லை என்பதைக் கவனித்தேன். செலவுக்கு அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

ஒருநாள் ஜாபிர் வந்தான். உப்பு லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறான், சட்டையெல்லாம் உப்பு. கட்டிலோரத்தில் தொங்கிய பையைப் பார்த்தான், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மத்த ஆக்கள் எல்லாம் ஸலாம் சொன்னாங்க," என்றான். சட்டையில் இருந்த உப்பைத் தட்டிவிட்டான். கடைசியில், "நானும் இனி எவ்வளவு நாளைக்குத்தான் மச்சான்... கரீம் நானாட மகனோட சேந்துட்டன். அவன் வலது பக்கம் நிக்கிறான்."

நியாயம்தான். ஆனாலும் எனக்குச் சுறுக்கென்று ஏறியது. "நல்லம். ஒரு பக்கமா முறுக்கித் தூக்க வேணாம் எண்டு அவனுக்குச் சொல்லு. இல்லாட்டி நாளைக்கு இந்தக் கட்டிலுக்கு அவன் வருவான்," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான், படலையடியில் ஆட்டுகிற அதே ஆட்டல். எழும்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பியதைக் கண்டேன். என் கோபம் அந்த இடத்திலேயே செத்துப்போனது. "ஜாபிர், நீயும் ஒருக்கா டொக்டர்ட காட்டு," என்றேன். "பாப்பம்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

குழாயை எடுத்துப் பார்க்கிற நாள் வந்தது. எடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், சில மணி நேரத்துக்குள் தானாகப் போக வேண்டும். தாதி ஒரு போத்தலைத் தந்து, கட்டிலோரத்தில் நின்று போகச் சொன்னார். திரை இழுத்துவிட்டார்கள். நின்றேன். நின்றேன். வயிறு கல்லாக வீங்கியது, வியர்த்தது, ஒரு சொட்டு இல்லை. திரைக்கு வெளியே ரிபாயா ஓதுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. கடைசியில் திரும்பவும் குழாயைப் போட்டார்கள். அன்று பின்னேரம் தாதி ஒரு மெல்லிய குழாயைக் கொண்டுவந்து, இன்னொரு முறையும் சரிவராவிட்டால் இதை ஒரு நாளைக்கு நாலைந்து தரம் நானே போட்டு எடுக்கப் பழக வேண்டும் என்று காட்டினார். எவ்வளவு காலத்துக்கு என்று ரிபாயா கேட்டாள். சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஆயுளுக்கும் என்றார்.

அன்றைக்கு நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். ஆண்பிள்ளைகள் நிறைந்த வார்டில், சாரன் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு அழுதேன். முப்பத்தாறு வயது. மூடையும் தூக்க முடியாது, இதுவும் முடியாதென்றால் என்னில் மிச்சம் என்ன என்று நினைத்தேன். சுமதிபால விளங்கிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல், தேங்காய் விலை பற்றி யாரிடமோ உரத்த குரலில் கதைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் முறை குழாயை எடுத்த காலையில் தாதி திரும்பவும் அதே போத்தலை நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. லொறிச் சிங்களமோ என்ன சிங்களமோ, வருகிறது வரட்டும் என்று சொல்லிவிட்டேன். மிஸ், எனக்கு நின்றுகொண்டு போய்ப் பழக்கமில்லை, எங்கள் ஆட்கள் சின்ன வயதிலிருந்து குந்தி இருந்துதான் போகிறது, நின்றால் எனக்கு வராது என்றேன். சிரிப்பும் வந்தது அவருக்கு, கோபமும் வந்தது.

"இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

உடனே குந்தி இருக்க இடுப்பு விடாது. நடுவில் ஓட்டை வைத்த ஒரு கதிரையைத் தேடி எடுத்து வந்து, கழுவுகிற அறைக்குள் வைத்து, என்னைப் பிடித்து இருத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். குனிந்து தொடையில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுமதிபால கதவுக்கு வெளியே ஊன்றுகோலைத் தட்டி, "மல்லி?" என்றார். "இன்னும் இல்லை" என்றேன். உள்ளே கையை நீட்டிப் பைப்பைத் திறந்துவிட்டார், தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வருமாம். ஓடவிட்டார். ஒன்றும் இல்லை. தண்ணீர் வீணாகிறது என்று யாரோ சத்தம் போட, பூட்டிவிட்டார்.

அப்போதும் சத்தம் கேட்டது. பைப்பு சரியாகப் பூட்டுப்படவில்லை என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். பைப்பு காய்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன். எனக்கு உணர்வில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, ஏதோ தூரத்தில் இலேசாக இளகுவது மாதிரி, அவ்வளவுதான். ஆனால் காது பொய் சொல்லாது. முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு நூல் மாதிரி.

"வந்துட்டு!" என்று கத்தினேன். "ரிபாயா, வந்துட்டு! வந்துட்டு, புள்ள!"

சுமதிபாலவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. "ஜய வேவா!" என்று வெற்றி வாழ்த்துச் சொல்லி ஊன்றுகோலைத் தூக்கி அவர் போட்ட சத்தத்தில் வார்ட் முழுவதும் எழும்பிவிட்டது. கால் முறிந்தவர்கள், கழுத்துக்குப் பட்டி போட்டவர்கள், பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். கதவோரத்தில் ரிபாயாவின் குரல், அழுகையும் சிரிப்புமாக, எனக்கு மட்டும் கேட்கிற அளவில் வந்தது.

"மெல்லக் கதைங்க. வார்ட் முழுக்கக் கேக்குது."

"கேக்கட்டும்," என்றேன். "இன்னும் நிக்கல்ல."